மூன்று வகுப்பில் முடித்த சீறா

சென்ற கல்வியாண்டில் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் சார்பில் இசுலாமியத் தமிழ் மரபு விழா ஒன்று நடைபெற்றதை மாணவ நண்பர்கள் அறிவர். அதைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். விழாவுக்கு யார் தலைமை தாங்கினர், யார் வாழ்த்துரை வழங்கினர், யார் நன்றி நவின்றனர் என்பனவெல்லாம் மன்ற அறிக்கையில் வேறொரு பக்கத்தில் வந்துவிடும். ஆகவே அவற்றை விடுத்து, அவ்விழாவினால் எனக்குக் கிடைத்த பாடத்தை மட்டும் ஈண்டு எழுத விழைகின்றேன். கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் ‘நான் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதுவது சற்றுக் கூச்சந்தான். இருப்பினும் உண்மை அதுவே.

விழாவுக்கான முதற் கூட்டம் தமிழ்த் துறை அறையில் கூடியது. பல துறைகளிலிருந்தும் மாணவப் பிரதிநிதிகள் வந்திருந்தனர். பிரியாணி போடலாம் என்றான் ஒருவன். கவ்வாலிக் கச்சேரி வைக்கலாம் என்றான் மற்றொருவன். மேடையின் பின்புறம் தாஜ்மகால் வரைந்த திரையொன்றைத் தொங்கவிட வேண்டும் என்பது மூன்றாவது யோசனை. எனக்கும் அவை நல்லனவாகவே பட்டன, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். அப்பொழுது பின்வரிசையில் இருந்த பொருளியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“ஐயா, தாஜ்மகாலை நான் பார்த்ததே இல்லைங்க. கவ்வாலியும் எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. எங்க உம்மம்மா சீறா படிப்பாங்க. அதை வைக்கலாமே” என்றாள்.

“படிப்பார்களா, பாடுவார்களா?” என்று கேட்டேன்.

“ராகம் போட்டுப் படிப்பாங்கய்யா.” சற்று நிறுத்தி, “நம்ம பாடத்துலகூட இருந்துச்சு. நீங்கதான் மூணு வகுப்புல முடிச்சிட்டீங்க” என்றாள்.

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, பேருந்து வரவில்லை என்று சொல்வதுபோல் நடந்ததைச் சொன்னாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் கம்பராமாயணமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் அடுத்தடுத்து வரும். கம்பருக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வேன். அதுவும் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வேன். சீறாவுக்கு வரும்போது, “அரபுச் சொற்கள் நிறைய வரும், கதைச் சுருக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள், ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வரும்” என்று சொல்லிப் பக்கங்களைப் புரட்டிவிடுவேன். பல்லாண்டுகளாக இதுவே என் வழக்கம். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் முசுலிம் மாணவர்கள் இருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில் அப்பெயர்களைத் தவறாக ஒலித்துவிடுவேனோ என்ற அச்சம் ஒன்று. நான் மாணவனாக இருந்தபோது எனக்கும் எவரும் அதை நின்று நிதானித்து நடத்தவில்லை என்பது மற்றொன்று. அச்சத்தை மரியாதை என்று எனக்கு நானே பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் துறையில் ஒரு நண்பர் வேறொரு வினாவை எழுப்பினார். அரசுக் கல்லூரியில் மத விழா எதற்கு என்பது அவர் கேள்வி. தவறான கேள்வி அன்று. அரசுக் கல்லூரி எல்லார்க்கும் பொது. ஒரு சமயத்தாரின் வழிபாட்டை அங்கே நடத்துவது முறையாகாது. ஆயினும் கம்பன் விழாவை நாம் மத விழா என்று எண்ணுவதில்லை. திருவாசகத்துக்குச் சொற்பொழிவு வைத்தால் அது இலக்கியச் சொற்பொழிவு. சீறாவுக்கு விழா எடுத்தால் மட்டும் அஃது எங்ஙனம் மத விழா ஆகும் என்று கேட்டேன். நண்பர் யோசித்துப் பார்த்து, “சரி, தொழுகையும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம், தமிழில் ஆக்கப்பட்டது எதுவோ அதை மட்டும் வையுங்கள்” என்றார். நல்ல விதியாகப் பட்டது. அதையே விழாவின் விதியாகக் கொண்டோம். அவ்விதி ஒரு வாரங்கூட நிற்கவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

விழாவுக்கு முன் ஒரு மாத காலம் சீறாப்புராணத்தை முதலிலிருந்து படித்தேன். மாணவர்க்குப் பயன்படும் என்பதால் சில செய்திகளை இங்கே தருகிறேன்.

இதனை இயற்றியவர் உமறுப் புலவர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். எட்டயபுரம் அரண்மனைப் புலவராய் விளங்கிய கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, பின்னர் அவர் இருந்த இடத்திலேயே அரண்மனைப் புலவராக அமர்ந்தவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்று இவரைத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று ஊரார் பழமொழியில் வைத்துப் போற்றும் அதே சீதக்காதிதான். இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிறு. அரபு நூல்களின் செய்திகளைப் பெறுவதற்கு உமறு கீழக்கரைப் பெரியார் சதக்கத்துல்லா அப்பா அவர்களை நாடினார் என்பர். காப்பியம் முடிவதற்குள் சீதக்காதி மறைந்தார். அதன்பின் ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். சடையப்ப வள்ளலைக் கம்பர் நினைப்பதுபோல் உமறு அவரைத் தம் காப்பியத்தினுள் பல இடங்களில் நினைக்கிறார்.

காப்பியம் மூன்று காண்டங்களை உடையது. விலாதத்துக் காண்டத்தில் 24 படலம், நுபுவ்வத்துக் காண்டத்தில் 21, ஹிஜ்ரத்துக் காண்டத்தில் 47. ஆக 92 படலங்கள், 5027 விருத்தங்கள். காண்டப் பெயர்களைக் கண்டே மாணவர் மிரள்வர். மிரள ஒன்றுமில்லை. விலாதத்து என்றால் பிறப்பு. நுபுவ்வத்து என்றால் நபித்துவம். ஹிஜ்ரத்து என்பது மக்காவை விட்டு மதீனாவுக்குப் பெயர்ந்து சென்றது. சீறா என்பதற்கு வாழ்க்கை வரலாறு என்று பொருள். இந்நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாதி அச்சம் தீர்ந்தது. நபிகளாரின் இறுதிக்காலம் வரை காப்பியம் செல்லவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச்சீறா’ என்ற பெயரில் பாடினார். ஏட்டுச் சுவடியாக இருந்த சீறாவை ஷெய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842-இல் அச்சேற்றினார். உ.வே.சாமிநாதையர் பிறந்தது 1855-இல் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஆண்டின் அருமை விளங்கும்.

இனி நாட்டுப் படலத்துக்கு வருவோம். இங்குத்தான் எனக்கு வெட்கம் மிகுதி. அரபு நாட்டை வருணிக்கும் உமறு, அங்கே மேகம் கடல்நீரை முகந்து மலைமேல் பொழிவதாகவும், ஆறு பெருகி வருவதாகவும், வயலில் உழத்தியர் நாற்று நடுவதாகவும், குளங்களில் தாமரை மலர்ந்திருப்பதாகவும் பாடுகிறார். “பாலைவனத்தில் நெல்வயல் வைத்த புலவர்” என்று வகுப்பில் நான் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு, மாணவர்களும் சிரிப்பர். இம்முறை படித்தபோது அச்சிரிப்பு எனக்கே திரும்பி வந்தது. கம்பரின் கோசலத்தில் மட்டும் என்ன இருக்கிறது? சரயுவின் பெயரால் அங்கே ஓடுவது காவிரிதானே! அதைச் சொல்லும்போது, “பாருங்கள், கம்பர் அயோத்தியைச் சோழ நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்” என்று கண்கள் பனிக்கச் சொல்லும் நான், அதையே உமறு செய்தபோது பூகோளம் அறியாதவர் என்று சொல்லியிருக்கிறேன். காப்பியத்துக்கு நாட்டு வளம் வேண்டும் என்பது தமிழ் மரபு; நாட்டு வளம் என்றால் தமிழனுக்கு நீரும் நெல்லும். மக்கா வறண்ட நிலம் என்பதை, கப்பலோட்டும் மரைக்காயர்களோடு பழகிய உமறு அறியாமலா இருந்திருப்பார்?

பாடத்தில் வழக்கமாக வைக்கப்படும் பகுதி ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’. கதை எளிது. வேடன் ஒருவன் பெண் மானொன்றைக் கட்டி வைத்திருக்கிறான். நபிகளார் தம் தோழர்களோடு அவ்வழி வருகிறார். மான் அவரிடம் முறையிடுகிறது. அண்மையில் ஈன்ற கன்று பாலின்றித் தவிக்கும். சென்று பாலூட்டித் திரும்பி வந்துவிடுகிறேன் என்கிறது. நபிகளார் வேடனிடம் கேட்கிறார். காட்டில் விட்ட மான் மீண்டும் வருமா என்று அவன் நகைக்கிறான். அது வரும்வரை நான் பிணை என்று நபிகளார் அங்கேயே நிற்கிறார். மான் ஓடிக் கன்றைச் சேர்கிறது, பாலூட்டுகிறது. இனத்து மான்கள் போகாதே என்று தடுக்கின்றன. எனக்காக ஒருவர் நிற்கிறார் என்று சொல்லி அது புறப்படுகிறது. கன்றும் பின்னால் வருகிறது. திரும்பி வந்த மானைக் கண்ட வேடன் மனம் மாறுகிறான்.

இக்கதையை மூன்றே வகுப்பில் முடித்த நான் கவனியாமல் விட்ட ஒன்று உண்டு. ‘பிணை’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் பொறுப்பேற்பு என்றும் பொருள். பெண் மான் என்றும் பொருள். பிணைக்குப் பிணை நின்ற படலம்! இந்தக் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கியவுடனேயே மொழி தானாக முன்வந்து கைகொடுக்கிறது. அரபு மூலத்தில் இவ்வழகு இருந்திருக்க வழியில்லை. பிணைத்தல் என்றால் கட்டுதல் என்பதும் நினைவுக்கு வருகிறது. கட்டப்பட்ட மான், கட்டிய வேடன், சொல்லால் தம்மைக் கட்டிக்கொண்ட நபிகளார். நீதிமன்றத்தில் பிணை என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய இக்கால மாணவர்க்கு இப்படலம் எவ்வளவு எளிதாகப் புரியும்! இதைச் சொல்லாமல், ‘அரபுச் சொற்கள் நிறைய வரும்’ என்று சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் அப்படலத்தின் கதை முழுதும் மான், கன்று, பால், காடு, வேடன், வலை என்னும் சொற்களாலேயே நடக்கிறது.

அரபுச் சொற்கள் வருமிடங்களிலும் அவை தமிழுக்குரிய உடை உடுத்தே வருகின்றன. வடசொல் தமிழுக்குள் வரும்போது வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தாரல்லவா? அதே விதியை அரபுக்கும் விரித்துப் பார்க்கலாம். உமர் என்பது உமறு ஆயிற்று. மிஃராஜ் என்பது மிகுறாசு ஆயிற்று. இப்ராஹீம் என்பது இபுறாகீம் ஆயிற்று. அரபு ரகரத்துக்குப் பெரும்பாலும் வல்லின றகரத்தையே இட்டனர் என்பதும் ஊன்றி நோக்கத்தக்கது. சீரா என்று எழுதாமல் சீறா என்று எழுதியது அதனாலேதான். பெயரை மாற்றி எழுதுவது அவமதிப்பு என்று அவர்கள் எண்ணவில்லை. நான்தான் எண்ணிக்கொண்டு அஞ்சியிருந்தேன்.

இதற்கு எதிர்ப்புறமும் ஒன்றுண்டு. சமயத்தின் உயிர்நாடியான சொற்களையே தமிழ் முசுலிம்கள் தமிழாக வைத்துக்கொண்டனர். உருது பேசுவோர் நமாசு என்பதை இவர்கள் தொழுகை என்பர். ரோசா என்பதை நோன்பு என்பர். மசூதியைப் பள்ளிவாசல் என்பர். பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் தம் உறைவிடங்களுக்கு வழங்கிய சொல். அச்சமயத்தார் பெரும்பாலும் மறைந்த பின்னும் அச்சொல் மறையாமல் இன்னொரு சமயத்தின் வாசலில் நிற்கிறது. குழம்பை ஆணம் என்பதும், காலையுணவை உண்பதைப் பசியாறுதல் என்பதும் அவ்வீடுகளில் இன்றும் கேட்கலாம். பசியாறுதல்! ‘டிபன் சாப்பிட்டாயா’ என்று கேட்கும் தமிழாசிரியர்களாகிய நாம் இதை எண்ணிப் பார்க்கலாம்.

தமிழுக்கு அவர்கள் கொண்டுவந்து சேர்த்த இலக்கிய வகைகளைப் பற்றியும் ஒரு சொல். கிஸ்ஸா என்பது கதை கூறுவது. மசலா என்பது வினாவும் விடையுமாக அமைவது. முனாஜாத்து என்பது இறைவனிடம் இரந்து வேண்டும் பாட்டு. நாமா என்பது பாரசீக வழி வந்தது. ஐந்தாவதான படைப்போர், போர் நிகழ்ச்சிகளைப் பாடுவது. அதற்கு மட்டும் பெயர் நல்ல தமிழ். முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையது வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’. 1572-இல் மதுரையில் அரங்கேறியது. அதற்கும் முந்தியது ‘பல்சந்த மாலை’. அதில் எட்டுப் பாடல்கள்தாம் எஞ்சியுள்ளன. அவையும் களவியற் காரிகையின் உரையில் மேற்கோளாக ஆளப்பட்டதனால் பிழைத்தவை. அகப்பொருள் இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடிய ஓர் உரைகாரர், இது எச்சமயத்தார் பாட்டு என்று பாராமல் எடுத்தாண்டார். அவருக்கு இருந்த மனம் எனக்கு இல்லாமற் போயிற்று.

இங்ஙனம் நான் படித்துக்கொண்டிருக்கையில் அம்மாணவி ஒரு நாள் மஞ்சள் துணியில் சுற்றிய பழைய நூலொன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய உம்மம்மாவுக்கு மாமியார் வழியாக வந்தது. முதலேடும் கடைசி ஏடுகளும் இல்லை. தாள் பழுப்பேறி ஓரங்கள் பொடிந்திருந்தன. எழுத்து அரபு. “குர்ஆனா அம்மா?” என்று கேட்டேன், தொடுவதற்கே தயங்கினேன். “இல்லைங்கய்யா. எழுத்து ஓத வருது. ஆனா என்னன்னு புரியலை” என்றாள்.

“சரி, ஓது” என்றேன்.

அவள் சிறு வயதில் மதரசாவில் ஓதக் கற்றவள். எழுத்துக்கூட்டி மெதுவாகத் தொடங்கினாள். பொருள் எதிர்பாராமல் ஒலியை மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். நான் அரபு எழுத்தில் ஒன்றும் அறியாதவன். காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரியிலோ நான்காம் வரியிலோ ‘தண்ணீர்’ என்று கேட்டது. நிறுத்தச் சொன்னேன். மீண்டும் ஓதச் சொன்னேன். ஐயமில்லை, தண்ணீர்தான். அடுத்து ‘முகம்’. அதற்கடுத்து அவள் ‘மு’ என்று சொல்லி நின்றுவிட்டாள். “இந்த எழுத்து ஓதக் கத்துக்கிட்டதுல இல்லைங்கய்யா. புள்ளி கூடுதலா இருக்கு” என்றாள். “அதை விட்டுவிட்டு மேலே ஓது.” “...ங்கை” என்றாள். முழங்கை! அரபியில் இல்லாத ழகரத்துக்காகப் புள்ளியிட்டு ஆக்கிக்கொண்ட எழுத்து அது. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் முறையைச் சொல்லும் பகுதியை நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம்.

அறபுத் தமிழ் என்று நூல்களில் படித்திருக்கிறேன். தமிழை அரபு எழுத்தால் எழுதும் முறை. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின்மேல் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். தமிழகக் கரையோரத்திலும் இலங்கையிலும் பெருவழக்காய் இருந்தது. கல்லச்சில் நூல்கள் பல வெளிவந்தன. இவையெல்லாம் தேர்வுக்கு எழுதிய செய்திகள். எதற்காக அம்முறை என்பது அந்த அறையில்தான் விளங்கிற்று. பள்ளிக்கூடம் போகாத பெண்கள் வீட்டிலேயே குர்ஆன் ஓத அரபு எழுத்தைக் கற்றிருந்தார்கள். அவர்கள் அறிந்த எழுத்து அரபு. அறிந்த மொழி தமிழ். இரண்டையும் சேர்த்துவிட்டால் படிப்பறிவு இல்லாதவர் என்று கணக்கில் எழுதப்பட்ட பெண், நூல் படிப்பவள் ஆகிவிடுகிறாள். பின்னாளில் அவர் பேத்திகள் பள்ளிக்கு வந்து தமிழ் எழுத்தைக் கற்றனர், நன்மைதான். ஆனால் பாட்டியின் நூல் பேத்திக்கு வெறும் ஒலியாகிவிட்டது. அவ்வொலியில் தமிழ் இருப்பதை அவளுக்குச் சொல்ல வேண்டிய தமிழாசிரியனாகிய நானோ, அப்பகுதியை மூன்று வகுப்பில் முடித்துவிடுகிறவன்.

விழாவுக்கு வருவோம். நண்பர் வகுத்த விதி நிற்கவில்லை என்றேனல்லவா? வீட்டில் உருது பேசும் மாணவர்கள் மூவர் வந்து, “தமிழில் உள்ளது மட்டுந்தான் என்றால் எங்களுக்கு அங்கே என்ன வேலை, ஐயா?” என்று கேட்டனர். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து உறவுக்காரர்கள் அவர்கள். முசாயிரா என்னும் கவியரங்கைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்குச் சீறா எனக்கிருந்ததைவிடத் தொலைவு. வேறென்ன செய்வது? ஒரு மேசையை அவர்களுக்கு ஒதுக்கினோம். நாகூர்த் தர்காவின் படத்தை வைப்பதா கூடாதா என்பதில் முசுலிம் மாணவர்களுக்குள்ளேயே இரு கட்சி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய உயர்ந்த மினாரா அங்கே இருக்கிறது, வரலாறு என்று வைக்கலாம் என்றான் ஒருவன். தர்கா வழிபாடு மார்க்கத்துக்கு ஒவ்வாது, எங்கள் பெயரால் அதை வைக்காதீர்கள் என்றான் மற்றவன். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைக் குறித்தும் இதே வழக்கு. இவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவர் என்று எண்ணியிருந்த எனக்கு அவ்வழக்கைக் கேட்டதே ஒரு பாடம். முடிவில் இரண்டையும் வைத்தோம். மறுத்தவனின் கருத்தை அவன் கையெழுத்திலேயே எழுதி அருகில் ஒட்டினோம். மிகுதியான மாணவர் நின்று படித்தது அதைத்தான்.

கண்காட்சியில் ஒரு பகுதியைப் பிற்கால எழுத்துக்கு ஒதுக்கினோம். கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை 1885-இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ தமிழ் நாவலின் தொடக்க காலத்தது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் எழுதிய ‘காதலா கடமையா’ என்ற நாவலுக்கு உ.வே.சாமிநாதையர் மதிப்புரை வழங்கியிருக்கிறார் என்றபோது மாணவியர் வியந்தனர். 1907-இல் சென்னையில் நூறு அவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர் பெயரைச் சிலர் அறிந்திருந்தனர். அவரே வள்ளலாரின் அருட்பாவுக்காக மேடையேறிப் பேசினார் என்பதை எவரும் அறியவில்லை. தாஜ்மகால் திரை வரவில்லை. பிரியாணி மட்டும் உண்டு. அதை எதிர்க்க எவருக்கும் மனமில்லை.

பிற்பகல் உம்மம்மா வந்தார். எழுபதைத் தாண்டியவர், கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. மேடையில் நாற்காலி போட்டிருந்தோம். கீழே பாயில்தான் அமர்வேன் என்றார். ஒலிபெருக்கியை அருகில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனவே மாணவர்கள்தாம் அவரைச் சுற்றி நெருங்கி அமர வேண்டியதாயிற்று. நூலில்லாமலே மானுக்குப் பிணை நின்ற படலத்தைத் தொடங்கினார். எட்டுச் சீராகவும் அறுசீராகவும் நான் வாய்பாடு சொல்லி அலகிட்டுக் காட்டும் விருத்தம், இழுத்தும் நிறுத்தியும் செல்லும் ராகமாக அவர் வாயிலிருந்து வந்தது. கன்று பாலுக்கு ஏங்கும் இடத்தில் குரலைத் தாழ்த்தினார். இடையில் நிறுத்தி, “வாத்தியார் தம்பி, இந்த இடம் உங்க பொஸ்தகத்துல எப்படி இருக்கு, பாத்துச் சொல்லுங்க” என்றார். பார்த்துச் சொன்னேன். நான் ஒலித்த ஒரு பெயரைத் திருத்தினார். இத்தனை ஆண்டுகள் நான் அஞ்சிய நிகழ்ச்சி அதுதான். அரை நிமிடத்தில் நடந்து முடிந்தது, எவரும் சிரிக்கவில்லை.

இவ்வாண்டு சீறாவுக்கு ஒன்பது வகுப்புகள் ஆயின. தேம்பாவணிக்கு நாள் குறைந்துவிட்டது. அடுத்த ஆண்டு சரிசெய்ய வேண்டும். மானைப் பற்றி நடத்தும்போது, வேடன் ஏன் நபிகளாரின் பிணையை ஏற்றுக்கொண்டான், அவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று வணிகவியல் மாணவன் ஒருவன் கேட்டான். வகுப்பு முடியும் மணி அடித்தும் அவ்வினா தீரவில்லை.

அந்த மஞ்சள் துணி நூலை நாங்கள் சனிக்கிழமைதோறும் படித்து, தமிழ் எழுத்தில் ஒரு குறிப்பேட்டில் பெயர்த்தெழுதி வந்தோம். அம்மாணவி ஓதுவாள், நான் எழுதுவேன், பிடிபடாத சொற்களை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மம்மாவிடம் ஓதிக் காட்டிக் கேட்டு வருவாள். முப்பத்தொரு பக்கம் முடிந்தபோது அவள் படிப்பும் முடிந்தது. நூல் அவர்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டது. குறிப்பேடு தமிழ்த் துறை அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. உம்மம்மாவுக்கும் விளங்காத இடங்களில் புள்ளியிட்டு வெற்றிடம் விட்டிருக்கிறேன். அரபு எழுத்து ஓதத் தெரிந்தவர் எத்துறை மாணவராயினும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் துறைக்கு வரலாம். முப்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.